பார்னேஸ் என்னும் வெட்டுநொதியும் ‘மலட்டு விதை’ என்னும் வழக்கும்

கீழ்பென்னாத்தூரில் விதைக்கென மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த உழவர் ஒருவர், “மலட்டு விதைன்னு ஒன்னு வந்திருக்காமே ஐயா, அது மல்லாட்டைக்கும் வந்துடுங்களா?” என எம்மை ஒருகால் வினவினார். கடுகு பற்றிய வழக்கு ஒன்றனைச் செய்தித்தாளிலிருந்து பிறர் படிக்கக் கேட்டு அவர்க்கு எழுந்த ஐயம் அது. ‘வாராது’ என்று விடை கூறினோம். ஏன் வாராது என்று அவர் மீண்டும் கேட்டபொழுது எம் விடை தடுமாறிற்று. பின்னர் எண்ணிப் பார்த்தவிடத்து, அத்தடுமாற்றத்திற்குக் காரணம் ‘மலட்டு விதை’ என்னும் சொல்லே என்பது புலனாயிற்று. அச்சொல்லை ஏற்றுக்கொண்டு எவ்விளக்கம் தரினும் அது பொருளை விட்டு விலகியே சென்றது.

அவ்வழக்கின் நடுவில் நிற்பது பார்னேஸ் என்னும் ஒரு நுண்ணுயிரி நொதி. ஆர்.என்.ஏ. இழையை வெட்டுதலே அதன் தொழில். அந்நொதியின் வடிவும் தொழிலும் இவை என முதற்கண் விளக்கி, அதன்பின் அச்சொல் பொருந்துமா என ஆராய்வது இக்கட்டுரையின் கருத்து. தமிழாய்வு இதழில் நொதிக்கு இடம் யாது என வினவுவார் இருத்தல் கூடும். பொருள் தெளியாமல் சொல்லை மட்டும் ஆராய்ந்து கலைச்சொல் வகுத்ததன் தீங்கினை நம் பட்டியல்கள் பலவற்றில் கண்டுள்ளோம். ஆகலின் இம்முறையை மேற்கொண்டோம்.

முதலில் பெயரைக் காண்போம். பார்னேஸ் என்பது ‘பாக்டீரிய ரைபோநியூக்ளியேஸ்’ என்னும் தொடரின் முதலும் இடையும் ஈறும் கோத்து அமைத்த குறுக்கப்பெயர். ஈற்றில் நிற்கும் ‘ஏஸ்’ என்பது, நொதிகளின் பெயர்க்கு அறிஞர் கூட்டிவரும் விகுதி. ரைபோநியூக்ளியேஸ் எனின் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதி என்றவாறு. இதனை ஆர்.என்.ஏ. வெட்டி எனலாமோ எனின், பாக்குவெட்டி, மண்வெட்டி என்றாற்போல அஃது இலக்கணத்திற்குப் பொருந்துவதே. ஆயினும் வெட்டி என்னும் சொல் ‘வீண்’ என்ற பொருளிலும் இன்று வழங்குதலின் வெட்டுநொதி என்பதே தக்கது. பார்னேஸ் என்னும் இயற்பெயரை அவ்வாறே வைத்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. பிறமொழிச் சொல்லைத் தமிழெழுத்தொடு புணர்த்து ஏற்றுக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பிய எச்சவியல் வடசொற்கு வகுத்துள்ளது. ஏட்டறிவில்லாத மக்களும் அந்நெறியிலேயே செல்கின்றனர். நிலக்கடலையைத் திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதியினர் மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. தென்னமெரிக்காவில் தோன்றிய ஒரு பயிர்க்குப் பிலிப்பைன் தீவின் தலைநகர்ப் பெயர் ஒட்டி, அதுவும் உழவர் வாயில் உருண்டு, இன்று அயல் நாற்றம் சிறிதுமின்றி நிற்கின்றது.

பார்னேஸை ஆக்குவது ‘பாசில்லஸ் அமிலோலிக்குவிபேசியன்ஸ்’ எனப்படும் பாக்டீரியம்; மண்ணில் பரவலாக வாழ்வது. மாப்பொருளை நீராக்குவது என்பது அதன் பெயர்ப்பொருள். அது தன் உடற்கு வெளியே பல நொதிகளை உமிழ்கின்றது; அவற்றுள் ஒன்று பார்னேஸ். புறத்தே கிடக்கும் ஆர்.என்.ஏ.யைச் சிதைத்து உணவாக்கிக்கொள்ளுதற்கும், அண்டை நுண்ணுயிர்களை ஒடுக்குதற்கும் இது பயன்படலாம் என்பர்.

ஆர்.என்.ஏ. வெட்டுண்டால் உயிரணு ஏன் மாய்கின்றது? மரபுச்செய்தி டி.என்.ஏ. என்னும் இழையில் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் வேண்டும் பகுதி அவ்வப்பொழுது ஆர்.என்.ஏ. இழையாகப் படியெடுக்கப்பெறும். அப்படியைப் படித்துப் புரதத்தை ஆக்கும் துகள் ரைபோசோம். அத்துகளிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஆர்.என்.ஏ.யே. (1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு பெற்றது இந்த ரைபோசோமின் வடிவை ஆராய்ந்தமைக்கே.) ஆகவே பார்னேஸ் புகுந்த உயிரணுவில் மூலச்சுவடி பழுதின்றிக் கிடக்கும், படிகள் அழிந்திருக்கும், படிப்பாரும் அழிந்திருப்பர். ஏடு இருந்தும் பயனின்றி அவ்வுயிரணு இறந்துபடும்.

மூலச்சுவடியாகிய டி.என்.ஏ.யை இந்நொதி ஏன் வெட்டுவதில்லை என்பது அடுத்து எழும் வினா. டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் உடன்பிறந்தவை போன்றன. இரண்டிலும் சர்க்கரைக் கண்ணிகளைப் பாஸ்பேட்டு இணைத்து நிற்கின்றது. ஒரு சர்க்கரையின் மூன்றாம் கரியணுவையும் அடுத்த சர்க்கரையின் ஐந்தாம் கரியணுவையும் அப்பாஸ்பேட்டு பாலம்போல் பிணைக்கும். இவற்றின் வேற்றுமையுள் தலையாயது ஒன்று: ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையில் இரண்டாம் கரியணுவோடு ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டியிருக்கும், டி.என்.ஏ.யில் அவ்வாக்சிஜன் இல்லை. பெயரில் வரும் ‘டி’ என்னும் முன்னொட்டு அவ்வின்மையைச் சுட்டுவதே. பார்னேஸ் வெளியிலிருந்து கத்தியொன்றும் கொண்டுவருவதில்லை. வெட்டப்படும் இழையிலேயே உள்ள அவ்வாக்சிஜனைத் தூண்டிவிட்டு, அதனைக் கொண்டே அவ்விழையைத் துணிக்கின்றது. அவ்வாக்சிஜன் இல்லாத டி.என்.ஏ.யிடம் இந்நொதியின் சூழ்ச்சி செல்லாது.

துணிக்கும் முறை இருபடிகளில் நிகழ்கின்றது. பார்னேஸின் சங்கிலியில் 73-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலமும் 102-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினும் உள்ளன. ஆர்.என்.ஏ. இழை இவ்விரண்டிற்கும் இடையே வந்தமைந்ததும், 73-ஆம் அமிலம் இரண்டாம் கரியணுவின் ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனைக் கவர்கின்றது. துணையிழந்த ஆக்சிஜன் அருகிலுள்ள பாஸ்பரத்தைத் தாக்கிப் பிணைகின்றது. அந்நொடியில் பாஸ்பரத்திற்கும் அடுத்த சர்க்கரைக்கும் இருந்த பிணைப்பு அறுகின்றது. அறுந்து விலகும் முனைக்கு 102-ஆம் ஹிஸ்டிடின் தன் ஹைட்ரஜனை ஈந்து வழியனுப்புகின்றது. இழை இரண்டாயிற்று. வெட்டுமுனையில் பாஸ்பேட்டு ஒரு சிறு வளையமாக நிற்கும். இரண்டாம் படியில் ஒரு நீர்மூலக்கூறு அவ்வளையத்தைத் திறக்கின்றது. அப்பொழுது முன்பு கொண்டது கொடுப்பதாகவும், கொடுத்தது கொள்வதாகவும் அவ்விரண்டும் தொழில் மாறுகின்றன. முடிவில் நொதி பழைய நிலையை எய்தி அடுத்த இழைக்கு ஆயத்தமாகின்றது. இவ்வினைக்கு உலோக அணு எதுவும் துணை வேண்டுவதில்லை. ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் குவானின் என்பதனை அடுத்து வெட்டுதலையே பார்னேஸ் பெரிதும் விரும்பும். பிற எழுத்துகளை அடுத்தும் குறைந்த அளவில் வெட்டும்.

73, 102 என எண்ணால் தொலைவிலுள்ள இரண்டு எவ்வாறு ஒருங்கு நின்று தொழிற்படுகின்றன? இங்கேதான் வடிவம் இன்றியமையாததாகின்றது. பார்னேஸ் 110 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. புரதங்களுள் இது மிகச் சிறியது. நெடுங்காலம் ஆராயப்பட்ட மாட்டுக் கணைய ரைபோநியூக்ளியேஸ் 124 அமினோ அமிலங்கள் உடையது; கந்தகப் பாலங்கள் நான்கும் அதற்கு உண்டு. பார்னேஸுக்கு அத்தகைய பாலம் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது தானே மடிந்து தனக்குரிய உருவை அடைகின்றது; குலைத்து விட்டாலும் தக்க சூழலில் மீண்டும் அவ்வுருவைப் பெறுகின்றது. புரதம் எவ்வாறு மடிகின்றது என்பதனை ஆராய ஆலன் பெர்ஷ்ட் என்னும் அறிஞர் இதனைத் தேர்ந்தமைக்கு இவ்வெளிமையே காரணம்.

ஒரு புரதச் சங்கிலி எத்திசையிலும் விருப்பம்போல் மடிய இயலாது. ஒவ்வொரு கணுவிலும் இரு கோணங்களில் மட்டுமே அது திரும்பலாம். அவ்விரு கோணங்களுக்குள்ளும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத அளவுகள் சிலவே. எவை இயலும், எவை இயலாவென்று கணித்து 1963-இல் வெளியிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்த கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் ஆவர். உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பெறினும், அது பிழையற்றதா என்பதனை அப்படத்தில் வைத்துச் சரிபார்ப்பது இன்றும் வழக்கம். ஒலிகள் எல்லாம் சொல்லின் எல்லா இடத்தும் வாரா. மொழிமுதலில் வருவன இவை, ஈற்றில் வருவன இவை என வரம்பு உண்டு. அவ்வரம்பே மொழிக்கு உருவம் தருதலை அறிந்த நமக்கு, இராமச்சந்திரனார் கண்ட வரம்பின் சிறப்பை உணர்தல் அரிதன்று.

பார்னேஸின் உருவம் 1982-இல் ஊடுகதிர்ப் படிகமுறையால் வெளியாயிற்று. சங்கிலியின் முற்பகுதி மூன்று திருகுச்சுருள்களாகவும், பிற்பகுதி எதிரெதிர்த் திசையில் செல்லும் ஐந்து இழைகள் சேர்ந்த ஒரு விரிப்பாகவும் அமைந்துள்ளன. விரிப்பின் ஒரு முகத்தில் ஆழமில்லாத பள்ளம் ஒன்று உண்டு. 73-ஆம் குளூட்டாமிக் அமிலமும் 102-ஆம் ஹிஸ்டிடினும் அப்பள்ளத்தில் எதிர்முகமாக நிற்கின்றன. அவற்றைச் சூழ, 27-ஆம் லைசினும் 59, 83, 87 ஆம் இடங்களிலுள்ள ஆர்ஜினின்களும் நேர்மின்னேற்றத்தோடு இருக்கின்றன. ஆர்.என்.ஏ.யின் பாஸ்பேட்டு எதிர்மின்னேற்றம் உடையதாகலின், அப்பள்ளம் அதனைத் தானே ஈர்த்துக்கொள்ளும்.

இனி, இப்பாக்டீரியம் தன்னுள்ளே ஆக்கும் நொதியால் தானே மாயாதது எங்ஙனம்? பார்னேஸ் புறத்தே செலுத்தப்படுவதற்குரிய ஒரு முன்னொட்டோடு ஆக்கப்பெறும். ஆயினும் அவற்றுள் ஒருசில உள்ளே தங்கிவிடின் அவ்வளவே கேடு செய்யப் போதும். அக்கேட்டைத் தடுக்கவே பார்ஸ்டார் என்னும் மற்றொரு சிறு புரதத்தை அது தன்னுள் வைத்துள்ளது. இது 89 அமினோ அமிலங்களால் ஆயது, வெளியே செல்லாது, ஆர்.என்.ஏ.யை வெட்டும் திறமும் இதற்கில்லை. பார்னேஸைக் கண்டவுடன் பற்றி அதன் பள்ளத்தை அடைத்துவிடுதலே இதன் முழுத்தொழில்.

அது பற்றும் முறை வியப்புக்குரியது. பார்னேஸின் பள்ளம் நேர்மின்னேற்றம் செறிந்தது என்றோம். பார்ஸ்டாரின் பற்றுமுகத்தில் எதிர்மின்னேற்றம் செறிந்துள்ளது. எனவே இரண்டும் தற்செயலாக மோதும்வரை காத்திராது, ஒன்றையொன்று ஈர்த்து விரைந்து சேர்கின்றன. பார்ஸ்டாரின் திருகுச்சுருள் ஒன்று பள்ளத்தினுள் நுழைய, அதன் 39-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலம், ஆர்.என்.ஏ.யின் பாஸ்பேட்டு அமர வேண்டிய அதே இடத்தில் சென்றமர்ந்து, 83, 87 ஆம் ஆர்ஜினின்களையும் 102-ஆம் ஹிஸ்டிடினையும் பற்றிக்கொள்கின்றது. வெட்டுண்ண வரும் இழையின் வேடத்தைத் தாங்கி வந்து வெட்டும் வாயை அடைத்துவிடுகின்றது என்க. ஒருமுறை சேர்ந்த இணை பிரிவதற்கு நாட்கணக்கில் ஆகும். புரதங்களுக்கு இடையே அறியப்பட்ட பிணைப்புகளுள் மிக உறுதியானவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு பார்னேஸுக்கு ஒரு பார்ஸ்டார் என்பது கணக்கு.

இவ்விணையின் இன்றியமையாமையை ஆய்வுக்கூடமே மெய்ப்பித்தது. பார்னேஸின் மரபணுவை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு பாக்டீரியத்தில் இயங்கவிட முயன்றபொழுது அப்பாக்டீரியம் பிழைக்கவில்லை. பார்ஸ்டாரின் மரபணுவையும் உடன் வைத்த பின்னரே அம்முயற்சி கைகூடிற்று. இராபர்ட் ஹார்ட்லி இதனை 1988-இல் வெளியிட்டார். கொல்லும் மரபணு ஒன்றும், அதனை முற்றும் அடக்கும் மரபணு ஒன்றும் தனித்தனியே கையாளக் கிடைத்தன என்பதே இதனாற் பெறப்பட்டது. பயிர்விளைப்பார் கருத்து இங்கே சென்றதற்குக் காரணம் வேறு.

இருவேறு தாய்தந்தையர்க்குப் பிறந்த முதற்றலைமுறைப் பயிர் பெரும்பாலும் வீரியம் மிக்கதாய் இருக்கும். அத்தகைய விதையை நம் வேளாண்துறையினர் ‘வீரிய ஒட்டு’ என்பர். இச்சொல்லும் எமக்கு உடன்பாடன்று. மாவில் கிளையை ஒட்டுதலுக்கும் இதற்கும் இயைபில்லை. கலப்பு விதை எனின் பொருள் தெளிவாம். அதனை விளைக்க வேண்டின், தாய்ச்செடியின் பூ தன் மகரந்தத்தை ஏற்காமல் பிற செடியின் மகரந்தத்தையே ஏற்குமாறு செய்தல் வேண்டும். பருத்தியில் ஆட்கள் பூவொன்றுக்கு ஒருமுறையாகக் கையாலேயே மகரந்தத்தாள்களை நீக்குவர். 1970-இல் குசராத்தில் வெளிவந்த எச்-4 முதலிய கலப்புப் பருத்திகள் அவ்வுழைப்பால் விளைந்தவை. கடுகிலோ பூ மிகச் சிறியது. அதற்குள் ஆறு மகரந்தத்தாள்கள். ஒரு காயில் கிடைக்கும் மணிகளோ சில. கைவினை அங்கே கட்டாது.

பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரத்து ஆய்வாளரும் அமெரிக்க ஆய்வாளரும் கூடி 1990-இல் இதற்கொரு வழி கண்டனர். மகரந்தப்பையின் உட்சுவரில் டபீட்டம் என்றொரு திசு உண்டு. வளரும் மகரந்தத்திற்குப் பால்நினைந்தூட்டும் செவிலி அது. அத்திசுவில் மட்டும், அதுவும் குறித்த பருவத்தில் மட்டும் இயங்கும் ஒரு புகையிலை மரபணுவின் ஏவற்பகுதியை எடுத்து, அதனோடு பார்னேஸின் மரபணுவை இணைத்தனர். செடி முழுதும் அம்மரபணுவைத் தாங்கினும் ஏவல் பிறப்பது டபீட்டத்திலேயே. ஆகவே பார்னேஸ் அங்கு மட்டும் தோன்றி அத்திசுவை அழிக்கும். செவிலி மாயவே மகரந்தம் உருவாகாது. இலை, தண்டு, சூலகம் அனைத்தும் வழக்கம்போல் இருக்கும். அயலிலுள்ள செடியின் மகரந்தம் வந்து சேரின் காய் பிடிக்கும், மணி முற்றும், முளைக்கும். 1992-இல் அவர்களே அடுத்த படியையும் காட்டினர்: பார்ஸ்டார் மரபணுவை உடைய செடியைத் தந்தையாக்கினால், பிறக்கும் கலப்புச்செடியின் மகரந்தப்பையில் பார்னேஸ் தோன்றியவுடன் பார்ஸ்டார் அதனைப் பற்றி அடக்கிவிடும், மகரந்தம் முறைப்படி விளையும். மண்ணிலுள்ள பாக்டீரியம் தன் உயிர் காக்க அமைத்துக்கொண்ட இணை இவ்வாறு பூவினுள் இடம்பெற்றது.

இங்கே சொல்லாராய்ச்சிக்கு வருவோம். பார்னேஸ் உடைய தாய்ச்செடியை ஆங்கில நூலார் ஆண்மலட்டுச் செடி எனப் பொருள்படும் தொடராற் குறித்தனர். நாமும் அதனை மொழிபெயர்த்துக்கொண்டோம். செய்தித்தாள்கள் ‘ஆண்’ என்னும் அடையை விட்டன. பின்னர்ச் ‘செடி’ என்பதும் ‘விதை’ ஆயிற்று. இங்ஙனம் இருபடிகளில் ‘மலட்டு விதை’ பிறந்தது. தமிழில் மலடு என்பது பயவாமையைக் குறிக்கும். கன்று ஈனாத ஆவினை மலட்டு ஆ என்போம். மலட்டு விதை எனின் முளையாத விதை, அல்லது காய்க்காத செடியைத் தரும் விதை என்றே உழவர் கொள்வர். அவர் மேல் குற்றமில்லை. பார்னேஸ் உடைய தாய்ச்செடியோ காய்ப்பது.

இதற்கு நேரான பொருள் நம் ஊர்ப்புறத்திலேயே உள்ளது. பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பெண்பனையில் மகரந்தம் இல்லை. ஆண்பனையின் மகரந்தம் கொண்டே அது நுங்கும் பழமும் தருகின்றது. பெண்பனையை மலட்டுப்பனை என்பார் யாருமில்லை. கடுகின் பூ இயற்கையில் ஆணும் பெண்ணும் ஒருங்கே அமைந்த இருபாற்பூ. பார்னேஸ் அதன் ஆண்பகுதியை மட்டும் நீக்கிப் பெண்பூ ஆக்குகின்றது. ஆகலின் அத்தாய்ச்செடியைப் பெண்கடுகு எனவும், பார்ஸ்டார் உடைய தந்தைச்செடியை மீட்புக்கடுகு எனவும் வழங்குதல் தகும் என்பது எம் கருத்து. பனையை அறிந்த எவர்க்கும் பெண்கடுகு எனின் விளக்கம் வேண்டா.

நம் நாட்டில் இம்முறையைக் கடுகில் நிலைபெறச் செய்தவர் தில்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் தீபக் பெண்டல் தலைமையில் பணியாற்றிய குழுவினர். அவர் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்றனைக் குறித்தல் வேண்டும். மரபணு ஏறிய செடிகளைப் பிறவற்றினின்று பிரித்தறிய, ‘பார்’ எனப்படும் மூன்றாவதொரு மரபணுவையும் உடன் சேர்ப்பர். அது குளூபோசினேட்டு என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் ஆற்றலைத் தரும். அதன் ஏவற்பகுதி செடியின் எவ்விடத்தும் இயங்கும் வன்மையுடையது. அண்மையில் நின்ற பார்னேஸையும் அது வேண்டாத உறுப்புகளில் எழுப்பிவிட்டது. அவ்வுறுப்புகள் கேடுற்றன. இரண்டிற்கும் இடையில் பொருளற்ற ஒரு டி.என்.ஏ. துண்டினை இடைவெளியாக வைத்து அக்குழுவினர் அதனைத் தடுத்து, 2001-இல் வெளியிட்டனர். இடைவெளியும் பொருள் தருவது என்பதனைச் சொற்பிரிப்பு அறிந்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் ஆக்கிய கலப்புக்கடுகு ‘தாரா மஸ்டர்டு ஹைபிரிடு-11’, சுருக்கமாக டி.எம்.எச்.-11, எனப் பெயர்பெறும். தாய் வருணா என்னும் இந்திய வகையிலிருந்து வந்தது. தந்தை கிழக்கு ஐரோப்பியக் கால்வழியினது. வருணாவினும் நூற்றுக்கு 28 பங்கு மிகுதியாக விளையும் என்பது ஆக்கியோர் கூற்று; ஒப்பிடத் தெரிந்த வகைகளும் தேர்வு நடத்திய முறையும் போதா என்பது மறுப்போர் கூற்று. களைக்கொல்லி தாங்கும் மரபணு உட்புகுந்தமை, தேனீக்கள் மீது விளையும் பயன் ஆகியனவும் வாதத்துக்கு உரியன. நடுவணரசின் மரபுப்பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2022 அக்டோபரில் இதனைச் சூழலில் வெளியிடப் பரிந்துரைத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2024 சூலை 23 அன்று நீதியரசர் இருவரும் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினர்: பி. வி. நாகரத்னா அவர்கள் ஒப்புதலை நீக்கினார்; சஞ்சய் கரோல் அவர்கள் அது செல்லும் என்றார். மரபணு மாற்றப் பயிர்கள் பற்றித் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்படல் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். இவ்வாதங்களில் எப்பக்கம் வலிது எனத் தீர்த்தல் எம் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இருபக்கத்தாரும் சரியான சொற்களால் வாதிடுதல் வேண்டும் என்பதே யாம் கூறுவது.

‘மலட்டு விதை’ என்னும் வழக்கிற்கு மற்றொரு மூலமும் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் ஒரு பருத்தி விதை நிறுவனமும் அந்நாட்டு வேளாண்துறையும் கூடி ஒரு காப்புரிமை பெற்றன. உழவர் எடுத்துவைத்த விதை முளையாதவாறு செய்வது அதன் நோக்கம். மெய்யாகவே மலட்டு விதை எனத்தக்கது அதுவே. அது விற்பனைக்கு வந்ததில்லை. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டுப் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் அத்தகைய நுட்பம் உடைய வகைகளைப் பதிய இடந்தரவில்லை. விதை எடுத்துவைக்கும் உழவர் உரிமையை அச்சட்டமே ஏற்றுள்ளது. அக்காப்புரிமையில் கூறப்பட்ட புரதம் வேறு, பார்னேஸ் வேறு. ஒரே பெயர் இரண்டிற்கும் வழங்கவே, ஒன்றன் பழி மற்றொன்றைச் சார்ந்தது.

இவ்வளவு கூறியதனால், கலப்புக்கடுகின் விதையை எடுத்துவைக்கும் உழவர்க்கு இழப்பே இல்லை எனக் கொள்ளற்க. அதனையும் உள்ளவாறு கணித்துக் காண்போம். பெண்கடுகு பார்னேஸ் மரபணுவை ஒரு படியாகவே தாங்கும். மகரந்தம் இன்மையின் அதனை இருபடியாக்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. எனவே கலப்புச்செடிகளுள் பாதிக்குப் பார்னேஸும் பார்ஸ்டாரும் இருக்கும். மறுபாதிக்குப் பார்ஸ்டார் மட்டும் இருக்கும். அனைத்திலும் பார்ஸ்டார் இருத்தலின் அவ்வயல் முழுதும் மகரந்தம் விளையும். இரு மரபணுக்களும் தனித்தனியே பிரிந்து செல்வன எனக் கொள்க. இரண்டும் உடைய செடி தன் மகரந்தத்தால் தானே சூல்கொண்டால், அதன் வித்துகளில் 16-க்கு 3 பங்கு பார்னேஸ் உடையனவாயும் பார்ஸ்டார் இல்லாதனவாயும் அமையும். வயல் முழுமைக்கும் பார்த்தால், எடுத்துவைத்த விதையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து பெண்கடுகாக முளைக்கும். அவை காய்க்கும், ஆனால் அண்டைச் செடிகளின் மகரந்தத்தையும் அதனைக் கொணரும் தேனீயையும் காற்றையும் நம்பியே காய்க்கும். மேலும் எக்கலப்பு விதைக்கும் உரியவாறு, இரண்டாந்தலைமுறையில் வீரியமும் சீர்மையும் குறையும். இஃது உழவர்க்கு மெய்யான இழப்பு. ‘மலடு’ என்ற ஒரு சொல்லால் அச்சுறுத்துவதினும் இக்கணக்கைச் சொல்வது அவர்க்குப் பயன்படும்.

கீழ்பென்னாத்தூர் உழவரிடம் மறுமுறை சென்றபொழுது யாம் பனையிலிருந்து தொடங்கினோம். பெண்பனை என்றதும் அவர்க்கு முக்காற்பங்கு விளங்கிவிட்டது. மல்லாட்டைக்கு வாராமைக்குரிய காரணத்தை அவரே பாதி கூறினார்: விடியலில் மல்லாட்டைப் பூ விரியும்பொழுதே உள்ளே சூல்கொண்டு முடிந்திருக்கும், தேனீயோ காற்றோ மகரந்தம் கொணர்ந்து சேர்க்க அங்கு இடமில்லை. எஞ்சிய பாதி கணக்கு. கடுகு ஏக்கருக்கு இரண்டு கிலோ அளவில் விதைத்தாற் போதும். மல்லாட்டைக்கு 50 கிலோ அளவில் பருப்பு வேண்டும். பூவொன்றுக்கு ஒரு விழுது இறங்கி, அதில் இரண்டு மூன்று பருப்பே தரும் பயிரில், கலப்பு விதையை அவ்வளவு விளைத்துக் கொடுப்பார் இலர். “அப்போ நம்ம விதைய நாமளே உரிச்சுக்கலாம்” என்று கூறி, அவர் உரித்த பருப்பில் சுருங்கியவற்றை ஒதுக்கத் தொடங்கினார்.